கோத்தகிரியில் ஐந்து நாள் ஆய்வுப் பயிற்சி: 8,500 ரூபாய்க்குத் தகுமா?

வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக பிஎச்.டி. செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பயிற்சி முகாம் அறிவிப்பு வந்தாலும் உடனே பணம் கட்டிவிடுவோம். வழிகாட்டியைப் பார்த்து நாலு மாதம் ஆகியிருக்கும், அதற்கு ஒரு பரிகாரம். நானும் அப்படித்தான் போன நவம்பரில் கோத்தகிரிக்குப் போனேன்.

நிறுவனங்களில் ஆளுக்குக் கொஞ்சமாகச் சிதறிக் கிடக்கும் அறிவு எப்படி ஒன்றுசேர்ந்து புதிதாக ஒன்றை உருவாக்குகிறது என்பதுதான் விஷயம். முனைவர் பட்ட மாணவர்களுக்கு மட்டும். 14 பேர் வந்திருந்தோம். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய். நடத்தியவர்களின் பெயரை எழுதவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அவர்களில் இரண்டு பேர் என்னைக் குன்னூர் மார்க்கெட்டில் பார்க்கக்கூடியவர்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. குன்னூர் பக்கம் ஒரு பாட் லீஃப் ஃபேக்டரியில் (சொந்தத் தோட்டம் இல்லாமல் விவசாயிகளிடம் கொழுந்து வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரி) ஒன்பது வருடம் பசுந்தேயிலைக் கணக்கு எழுதினேன். இப்போது கல்லூரியில் மேலாண்மைப் பாடம் எடுக்கிறேன். ஆய்வும் தேயிலை ஃபேக்டரிகளைப் பற்றித்தான். 'அறிவுப் பகிர்வு' என்று தலைப்பு, 42 கேள்விகளோடு ஒரு வினாத்தாள். "எனக்குத் தெரிந்ததைச் சக ஊழியர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்: முழுமையாக உடன்படுகிறேன், உடன்படுகிறேன்..." அந்த மாதிரி. இந்த வினாத்தாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குறைகள். தொடக்க விழா ஒன்றே முக்கால் மணி நேரம். பொன்னாடை, நினைவுப் பரிசு, குத்துவிளக்கு. மெழுகுவத்தியைக் காற்று மூன்று தடவை அணைத்தது. வெளியூர்ப் பேராசிரியர்கள் இரண்டு பேர் ஆன்லைனில்தான் வந்தார்கள், மழையில் இணைப்பு போனதில் ஒருவருடைய பாதி உரையைக் கேட்கவே முடியவில்லை. சுடுதண்ணீர் காலை ஆறரை வரைதான். சமதளத்திலிருந்து வந்த பிள்ளைகள் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குளிக்காமலே வந்து உட்கார்ந்தார்கள், குற்றம் சொல்ல முடியாது. சாஃப்ட்வேர் வகுப்பு சுத்த வீண், யூடியூபில் இதைவிட நன்றாக இருக்கிறது. இன்னொன்று, சான்றிதழ் கொடுக்கிறார்கள், ஆனால் அது கோர்ஸ்வொர்க்கில் சேராது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிகள் கேட்கிற குறைந்தது 12 கிரெடிட்டை உங்கள் பல்கலைக்கழகம் ஏற்கிற வகுப்புகளில்தான் முடிக்க வேண்டும். அறிவிப்பில் இதைத் தெளிவாகப் போட்டிருக்கலாம்.

அப்புறம் அந்த ரொட்டிக் கதை. இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஜப்பானில் மாட்சுஷிட்டா கம்பெனி 1980களில் வீட்டு ரொட்டி மெஷின் செய்தபோது மாவு சரியாகப் பிசையப்படவில்லை. சாஃப்ட்வேர் பிரிவிலிருந்த ஒரு பெண் ஒசாகாவில் ஒரு ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய் வேலை பழகி, அவர் மாவை இழுக்கும்போதே முறுக்குகிறார் என்பதைக் கண்டுபிடித்து வந்தார். நல்ல கதைதான், ஜப்பானிய மேலாண்மை அறிஞர் நோனகா அதை உலகம் முழுக்கப் பிரபலமாக்கினார். ஆனால் ஐந்து நாளில் மூன்று பேர் அதையே சொன்னார்கள். ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்கத் தேயிலை. கைப்பக்குவத்துக்கு உதாரணம் சொல்ல ஒசாகா வரைக்குமா போக வேண்டும்?

சரி, நல்லதுக்கு வருகிறேன்.

மூன்று வாரம் முன்னாலேயே 18 கட்டுரைகளை அனுப்பிவிட்டார்கள். காலை வகுப்பில் விரிவுரை கிடையாது. சீட்டுக் குலுக்கி ஒருவர் பெயரை எடுப்பார்கள், அவர் ஒரு கட்டுரையின் வாதத்தைத் தாளைப் பார்க்காமல் பத்து நிமிடம் சொல்ல வேண்டும். படிக்காமல் வந்தவர்கள் முதல் நாளே மாட்டினார்கள், இரண்டாம் நாள் இரவு எல்லா அறையிலும் விளக்கு எரிந்தது. எனக்கு வந்த சீட்டு மேலாண்மைப் பேராசிரியர் ராபர்ட் கிராண்ட், நிறுவனங்களில் அறிவு எப்படி ஒன்றுசேர்கிறது என்று 1996-இல் எழுதிய கட்டுரை.

இதை நான் முன்பே இரண்டு தடவை படித்து, என் ஆய்வில் மேற்கோளும் காட்டியிருக்கிறேன். தப்பாகக் காட்டியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் பேசி முடித்ததும் அம்மையார் (வகுப்பை நடத்திய ஓய்வுபெற்ற பேராசிரியை, எங்கள் எல்லாருக்கும் அம்மையார்தான்) ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டீ மேக்கருக்குத் தெரிந்ததெல்லாம் கணக்குப்பிள்ளைக்கும் தெரிந்துவிட்டால் ஃபேக்டரி நன்றாக ஓடுமாம்மா?" ஒன்பது வருடம் கணக்கு எழுதியவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓடாது. எனக்கு ட்ரையர் சூட்டைப் பற்றிக் கற்றுக்கொடுக்கிற நேரத்தில், ஃபேக்டரியில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கிற அந்த டீ மேக்கர் இரண்டு பேட்ச் கொழுந்தை இறக்கிவிடுவார்.

கிராண்ட் சொல்வது அதுதான். ஒரு மனிதன் ஆழமாகக் கற்பது ஒரு துறையைத்தான். எல்லாரும் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டால் அந்த ஆழம் போய்விடும். ஆகவே நிறுவனத்தின் சாமர்த்தியம், ஒருவர் அறிவை இன்னொருவர் தலைக்கு மாற்றுவதில் இல்லை. மாற்றாமலே சேர்ந்து வேலை செய்ய வைப்பதில் இருக்கிறது. அதற்கு அவர் நாலு வழி சொல்கிறார்: விதிகளும் கட்டளைகளும், வேலையை வரிசைப்படுத்துவது, பழகிப்போன நடைமுறை, கடைசியாக எல்லாரும் உட்கார்ந்து பேசித் தீர்ப்பது. கடைசி வழிதான் செலவு பிடித்தது, வேறு வழியில்லாத சிக்கலுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியது. என் 42 கேள்விகளும் அந்த நாலாவது வழியைத்தான் சுற்றிக்கொண்டிருந்தன.

மதியம் ஆய்வு அத்தியாயங்களைத் திருத்தும் வகுப்பு. ஆளுக்கு நாற்பது நிமிடம், இரண்டு பேர் முழுதும் படித்துவிட்டு வந்து உட்காருவார்கள். என் இரண்டாம் அத்தியாயத்தில் 'பகிர்வு' என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது, முதல் பக்கத்திலேயே பதினொன்று. ஓரத்தில் "இங்கே என்ன நடந்தது என்று எழுதுங்கள்" என்று ஒரு குறிப்பு. எந்த வழிகாட்டியும் என் எழுத்தை இவ்வளவு பொறுமையாகப் படித்ததில்லை. இதற்கு மட்டுமே 8,500 ரூபாய் தகும்.

இன்னொரு மேலாண்மை ஆய்வாளர் பால் கார்லைலின் 2002, 2004 கட்டுரைகளைப் படித்த காலையும் நன்றாக இருந்தது. இரண்டு துறைகளுக்கு நடுவே மூன்று வகை எல்லை இருக்கலாம் என்கிறார். சொல் போய்ச் சேராதது ஒன்று. சொல் போய்ச் சேர்ந்தும் பொருள் வேறாகிவிடுவது இரண்டாவது. மூன்றாவதுதான் கடினம்: பொருளும் புரிகிறது, ஆனால் ஒத்துக்கொண்டால் ஒருவருக்கு நஷ்டம். கட்டபெட்டிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி, படுகர் வீட்டுப் பிள்ளை, சட்டென்று சொன்னான்: "நல்ல கொழுந்துன்னா ரெண்டு இலையும் ஒரு மொட்டும்னு எங்க அப்பாவுக்குத் தெரியாதா மேடம்? அப்படிக் கிள்ளினா எடை குறையுது. எடைக்குத்தானே காசு." தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிற குறைந்தபட்ச விலையும் கிலோவுக்குத்தான். சிறு விவசாயிகளுக்கு விழிப்புணர்வு முகாம் போட்டால் தரம் உயரும் என்று எழுதுகிறோமே, அது இரண்டாவது எல்லைக்கான மருந்து. நோய் மூன்றாவதில் இருக்கிறது. அந்தத் தம்பி அப்போது படிப்பில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் அதிகாலை ஐந்தரைக்கு ஒரு ஃபேக்டரிக்குக் கூட்டிப்போனார்கள். இரவெல்லாம் மழை. கொழுந்து ஈரமாக வந்து ட்ரஃபில் (காற்று விட்டு இலையை வாட்டும் நீளத் தொட்டி) கிடந்தது. டீ மேக்கர் அண்ணா, அறுபது வயதிருக்கும், ஒரு பிடி இலையை அள்ளி இறுக்கிப் பிடித்தார். கையை விரித்தார். உருண்டை நிற்கவில்லை, பொலபொலவென்று பிரிந்தது. ஒரு காம்பை எடுத்து மடக்கினார், 'டக்' என்று முறிந்தது. "இன்னும் ஒண்ணரை மணி நேரம்ங்க." வாடின இலை உருண்டையாக நின்று மெதுவாகத்தான் விரியும், காம்பு வளையும், முறியாது. சிடிசி தூளுக்கு (இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் செய்வது) இலையில் சுமார் 70 சதவீத ஈரம் நிற்கும்வரை வாட்டுவார்கள். இளைய சூப்பர்வைசர் மீட்டர் வைத்துப் பார்த்தார். அண்ணா மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவரோடு பேச எங்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். அதன்பின் மேனேஜர் அறையில் ஐம்பது நிமிடம் பவர்பாயிண்ட். இந்த முகாமின் பெரிய பிழை இதுதான். சுடுதண்ணீர்கூட அப்புறம்தான்.

நாலாம் நாள் வேனில் ஊட்டி தாண்டி முத்தோரைக்கு. ரேடியோ தொலைநோக்கியைச் சின்ன வயதிலிருந்து தூரத்தில் பார்த்திருக்கிறேன், ஏதோ கம்பி வேலி என்று நினைத்த காலமும் உண்டு. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970-இல் இயங்கத் தொடங்கியது. அந்த மலைச்சரிவு வடக்கு தெற்காகச் சுமார் 11 பாகை சாய்ந்திருக்கிறது, ஊரின் அட்சரேகையும் சுமார் 11 பாகை. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே வானத்தில் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். எனக்குப் பட்டது இது: வானியல்காரர் அஸ்திவாரம் தோண்டக் கற்க வேண்டியதில்லை, எஞ்சினியர், நிலா ஒரு விண்பொருளை மறைப்பதை வைத்துச் செய்யும் ஆய்வைப் பற்றிப் படிக்க வேண்டியதில்லை. '11' என்ற ஓர் எண் நடுவில் இருந்தால் போதும். திரும்பும் வழியில் இதை அம்மையாரிடம் சொன்னேன். "எழுதி வையுங்கள்" என்றார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் வண்டியை நிறுத்தி எல்லாருக்கும் டீயும் வர்க்கியும் வாங்கிக் கொடுத்தார்.

யார் போகலாம்? ஒரு அத்தியாயமாவது எழுதி வைத்திருப்பவர்கள். வெறுங்கையோடு போனால் மதிய வகுப்பில் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். ஆங்கிலக் கட்டுரை படிக்கத் திணறுகிறவர்கள் பயப்பட வேண்டாம், விவாதம் பாதிக்கு மேல் தமிழில்தான் நடந்தது. சாக்ஸ் இரண்டு ஜோடி அதிகம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் வந்த வாரமே வினாத்தாளைத் தூக்கிப் பரணில் போட்டேன். ஜனவரியில் அனுமதி வாங்கி அதே டீ மேக்கர் அண்ணாவிடம் இரவு ஷிஃப்டுக்கு நாலு முறை போனேன். ஒவ்வொரு ட்ரஃபின் தலைமாட்டிலும் ஒரு கரும்பலகை தொங்குகிறது. இலை கொட்டிய நேரம், எடை, ஈரமா காய்ந்ததா என்று சாக்பீஸால் எழுதியிருக்கும். பகல் ஷிஃப்ட் ஆள் எழுதுகிறார், இரவு ஷிஃப்ட் ஆள் படிக்கிறார், இருவரும் பேசிக்கொள்வதே அபூர்வம். ஒன்பது வருடம் நான் அந்தப் பலகைகளைத் தாண்டித்தான் எடை ரசீது வாங்கப் போயிருக்கிறேன். மூன்றாம் நம்பர் பலகையின் மூலையில் மட்டும் ஒரு சின்னப் பெருக்கல் குறி இருந்தது. என்ன அண்ணா இது என்று கேட்டேன். "அந்த ஃபேன் பெல்ட்டு கொஞ்சம் தளர்வும்மா, அரை மணி நேரம் கூட வைக்கணும். போன மழையில யாரோ போட்டது. நாங்க அழிக்கிறதில்ல."