தோள்பட்டை மாட்டிறைச்சி: ஆறு துண்டுகள், ஆறு குணங்கள்

தோள்பட்டைக் கறி என்றாலே மணிக்கணக்கில் வேக வேண்டிய முரட்டுக் கறி என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. மாடு நடக்கும்போதும் குனிந்து மேயும்போதும் ஓயாமல் உழைக்கும் பகுதி அது என்பதால், அந்த எண்ணத்தில் பாதி உண்மையும் இருக்கிறது. மீதிப் பாதியை அறிந்துகொள்வதற்காகவே, அப்பகுதியின் ஆறு துண்டுகளைத் தனித்தனியே வாங்கிச் சில வாரங்களாகச் சமைத்துப் பார்த்தேன்.

என்னை வியக்க வைத்தது ஃபிளாட் அயர்ன். தோள் எலும்பின் மீது படிந்திருக்கும் இந்தத் தசை, முதுகின் உட்புறத்திலுள்ள டெண்டர்லாயினுக்கு அடுத்தபடியாக மாட்டின் மிக மென்மையான தசை எனக் கருதப்படுகிறது. அப்படியிருந்தும் இது நெடுங்காலம் மதிப்பின்றிக் கிடந்ததற்குக் காரணம், அதன் நடுவே நீளவாக்கில் ஓடும் தடித்த ஜவ்வுதான். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நெப்ராஸ்கா, ஃபுளோரிடா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் தோளின் தசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்த பிறகே, அந்த ஜவ்வை நீக்கி இரண்டு தட்டையான துண்டுகளாக விற்கும் வழக்கம் பரவியது. அதே தசையை ஜவ்வோடு குறுக்காக வெட்டினால் அது டாப் பிளேடு; துண்டின் நடுவில் வெள்ளைக் கோடு பளபளப்பாகத் தெரியும். சூடான வாணலியில் சில நிமிடங்கள் வாட்டினால் அந்தக் கோடு ரப்பர் போலப் பல்லில் இழுபடும். மூடிய பாத்திரத்தில் மூன்று மணி நேரம் மெல்ல வெந்தாலோ, அதே கோடு கண்ணாடி போலத் தெளிந்து, உதட்டில் ஒட்டும் பசையாக உருகிவிடுகிறது. ஜவ்விலுள்ள கொலாஜன் என்ற புரதம் ஜெலட்டினாக மாறுவதே இதற்குக் காரணம்.

சக் ஐ (சக் என்பது தோள்பட்டைப் பகுதியின் ஆங்கிலப் பெயர்), விலா எலும்புப் பகுதியில் கிடைக்கும் ரிப் ஐயின் தொடர்ச்சி. ஐந்தாம் விலாவை ஒட்டி வெட்டப்படும் முதல் ஓரிரு துண்டுகளில் மட்டுமே அந்தச் சுவை இருக்கும் என்பதால், கண்ணில் பட்டவுடன் வாங்கிவிடுவது நல்லது. டென்வர், தோள் எலும்புக்கு அடியிலிருந்து வருவது. இழை இழையாகக் கொழுப்பு ஓடும் இதன் சுவை ஃபிளாட் அயர்னைவிடக் கனமானது என்பது என் எண்ணம். ஆனால் தசை நாருக்குக் குறுக்கே மெல்லியதாக அரியாவிட்டால், எவ்வளவு பக்குவமாக வாட்டியிருந்தாலும் மெல்வது கடினம்; முதல் முறை நார் ஓடும் திசையிலேயே அரிந்து, ஒரு நல்ல துண்டை நானே கெடுத்துக்கொண்டேன்.

முழு சக் ரோஸ்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல தசைகளும் அவற்றின் இடையே கொழுப்பும் ஜவ்வும் கலந்த துண்டு என்பதால், வாணலியில் வாட்டுவதற்கு இது சிறிதும் ஏற்றதன்று. உள்வெப்பம் 90 டிகிரி செல்சியஸைத் தாண்டும்வரை மெல்ல வேக வைத்தால், கரண்டி பட்டவுடன் பிரியும். கொதிசாறுக்கு இதைவிடச் சிறந்த துண்டு தோளில் இல்லை.

மென்மையைக் குறிக்கும் ‘டெண்டர்’ என்ற சொல்லைத் தாங்கிய மாக் டெண்டர் என்ற பெயரில்தான் எனக்கு வருத்தம். வடிவத்தில் டெண்டர்லாயினைப் போலவே நீண்டு கூம்பியிருக்கும் இந்தத் தசையை அந்தப் பெயரை நம்பி வாட்டினேன். கொழுப்பும் குறைவு, நாரும் தடிப்பு என்பதால் காய்ந்து கெட்டியாகிவிட்டது. சிறு துண்டுகளாக்கி நீர் விட்டு வேக வைத்தபோது மட்டுமே இது உண்ணத் தகுந்ததாக இருந்தது. அப்படிச் சமைப்பதற்கென்றால், நான் டாப் பிளேடையே வாங்குவேன்.