மிகுதியைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்: ஒரு செயலியின் மதிப்புரை

ஆங்கிலத்தில் ‘நிறைய’ என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் ‘எ லாட் ஆஃப்’ என்றே எழுதி வந்த நான், அந்தப் பழக்கத்திலிருந்து விடுபடுவதற்காக, சொற்களைப் பொருள்வாரியாகக் கற்பிக்கும் ஒரு கைப்பேசிச் செயலியில் சேர்ந்து, மிகுதியைக் குறிக்கும் சொற்களுக்கான பகுதியை முழுமையாகப் படித்து முடித்தேன். பெரிய குறை ஒன்று இருந்தாலும், இடைநிலைக் கற்போருக்கு இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

இதற்கு முன் நான் பயன்படுத்திய வேறொரு செயலி, ஒத்த பொருள் கொண்ட இருபது சொற்களை ஒரே வரிசையில் அடுக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அதை நம்பி, எனக்குப் பேருதவி செய்த ஒருவருக்கு எழுதிய நன்றிக் கடிதத்தில் ‘பிளெத்தரா ஆஃப் ஹெல்ப்’ என்று எழுதினேன். அந்தச் சொல் பெரும்பாலும் பன்மைப் பெயர்களோடு வருவது என்பதும், ‘வேண்டிய அளவுக்கு மேல்’ என்ற சாயல் அதில் இன்னும் ஒட்டியிருக்கிறது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. நன்றி சொல்ல எழுதிய வரி, உதவி அளவு மீறிப்போனதாகக் குறைபட்டுக்கொள்வது போலவும் படிக்கப்படலாம் என்பதை அவரே பொறுமையாக விளக்கிய பிறகுதான், பட்டியலை மனப்பாடம் செய்வதால் பயனில்லை என்பது எனக்கு உறைத்தது.

இந்தச் செயலியின் சிறப்பு அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு சொல்லையும் அது எந்தச் சொற்களோடு சேர்ந்து புழங்குமோ அந்தச் சொற்களோடு சேர்த்தே காட்டுகிறது. ‘கோபியஸ்’ குறிப்புகளுக்கும் அளவுகளுக்கும் பொருந்தும்; நண்பர்களுக்குப் பொருந்தாது. ‘ஆம்பிள்’ நேரத்துக்கும் இடத்துக்கும் சான்றுகளுக்கும் வரும், தேவைக்குக் குறையாமல் தாராளமாக இருக்கிறது என்ற நிறைவை அது தரும். ‘ரைஃப்’ பெரும்பாலும் வதந்தி, ஊழல், நோய் போன்ற வேண்டாதவை பரவிக் கிடப்பதையே குறிக்கும். ஐரிஷ் மொழியிலிருந்து வந்த ‘கலோர்’ பெயர்ச்சொல்லுக்குப் பின்னால்தான் நிற்கும். அதுவும் பேச்சுநடைக்கு உரியது, அலுவல் கடிதத்தில் வைத்தால் துருத்திக்கொண்டு தெரியும். இந்த வேறுபாடு நமக்குப் புதிதல்ல. சால, உறு, தவ, நனி, கூர், கழி ஆகிய ஆறையும் மிகுதி என்ற ஒரே பொருளின் கீழ் நன்னூல் வைத்தாலும், ‘சாலச் சிறந்தது’ என்போமே தவிர ‘சாலப்பசி’ என்னோம். பசிக்கு ‘உறு’தான் வரும். தமிழில் காது தானாகவே அறிந்துகொள்ளும் இந்தப் பொருத்தத்தை ஆங்கிலத்தில் யாராவது எடுத்துச் சொன்னால்தான் அறிய முடியும், இந்தச் செயலி அதை அக்கறையோடு செய்கிறது.

சொற்பிறப்புக் குறிப்புகளும் அலங்காரத்துக்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல. ‘அபண்டன்ஸ்’ என்ற சொல்லுக்குள் அலையைக் குறிக்கும் லத்தீன் வேர் இருக்கிறது, அதாவது கரை மீறிப் பெருகுதல் என்பது அதன் அடிப்படை. ‘பிளெத்தரா’ உடலில் இரத்தம் மிகுந்துபோன நிலையைக் குறித்த மருத்துவச் சொல்லாக இருந்தது என்று படித்தபோது, என் கடிதத்தில் நேர்ந்த பிழையின் காரணம் முழுமையாக விளங்கியது. ‘மிரியட்’ கிரேக்கத்தில் பத்தாயிரத்தைக் குறிக்கும். இன்று எண்ணிலடங்காதவை என்ற பொருளில் வழங்குகிறது. ‘எ மிரியட் ஆஃப்’ என்று எழுதுவது பிழை என்று கண்டிப்போர் பலர் உண்டு. ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் பெயர்ச்சொல்லாகத்தான் வழங்கியது, பெயரடையாக வந்தது பின்னால்தான் என்பதால், இரண்டு வழக்குகளும் சரியே என்று செயலி தயங்காமல் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது.

குறை இலக்கணத்தில் இருக்கிறது. ‘நிறைய தண்ணீர்’, ‘நிறைய மரங்கள்’ என்று இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துப் பழகிய நமக்கு, எண்ணக்கூடியவற்றுக்கு ‘மெனி’, எண்ண முடியாதவற்றுக்கு ‘மச்’ என்ற பிரிவுதான் முதல் இடறல். அதை ஒரே திரையில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பேச்சில் ‘மச்’ எதிர்மறையிலும் கேள்வியிலும் இயல்பாக வந்தாலும், ‘ஐ ஹேவ் மச் மணி’ என்பது போன்ற உடன்பாட்டு வாக்கியத்தில் ஒட்டாமல் நிற்கும் என்பதும், முன்னால் ‘டூ’ அல்லது ‘ஸோ’ சேர்ந்தால் அந்தத் தடை நீங்கிவிடும் என்பதும் எங்கும் சொல்லப்படவில்லை. ‘எ நம்பர் ஆஃப்’ என்று தொடங்கினால் வினை பன்மையில் முடிய வேண்டும், ‘தி நம்பர் ஆஃப்’ என்று தொடங்கினால் ஒருமையில் முடிய வேண்டும். தேர்விலும் அலுவலகத்திலும் அடிக்கடி தவறிப்போகும் இந்த இடத்துக்கு ஒரு பயிற்சி வினாகூட இல்லாதது வருத்தமாக இருக்கிறது. ‘எ லாட் ஆஃப்’ வரும்போது அதன் பின்னால் உள்ள பெயரே வினையின் ஒருமை பன்மையைத் தீர்மானிக்கும் என்பதையும் நான் வேறு இடத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

ஒலிப்புப் பகுதி பரவாயில்லை. பயிற்சி வினாக்களில் கோடிட்ட இடத்தை நிரப்புவதைவிட, தவறான சொல் உள்ள வாக்கியத்தைக் கண்டுபிடித்துத் திருத்தும் வகை மிக நன்றாக அமைந்திருக்கிறது, அதை மட்டும் நான் மூன்று முறை செய்தேன். இலக்கணத்தில் இன்னும் தடுமாறுபவர்கள் எண்ணக்கூடிய, எண்ண முடியாத பெயர்களின் வேறுபாட்டை ஒரு நல்ல இலக்கண நூலில் படித்துவிட்டு இந்தச் செயலிக்கு வந்தால் முழுப் பயனும் கிடைக்கும்.