"போர்டு போய்விட்டது" என்றதும் பணத்தை எடுக்காதீர்கள்

வட சென்னையில் கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 11,800 ரூபாய் போயிற்று. எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிச் சேர்த்த பணம்.

கணினி அடிக்கடி நீலத்திரை காட்டி அணைந்தது. 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று பிழையும் தெளிவாக வந்தது. போனில் படமெடுத்து, தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சிறிய பழுதுபார்ப்புக் கடையில் காட்டினேன். அங்கிருந்த பையன் படத்தைப் பார்க்கவேயில்லை. மூடியைக் கழற்றி டார்ச் அடித்தான். "மதர்போர்டு போய்விட்டது அக்கா" என்றான், அதாவது எல்லா பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகையே பழுதாம். 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி தாக்கல் செய்தாக வேண்டுமே என்றேன். "முன்பணமே வேண்டாம் அக்கா, ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்." இப்படிச் சொல்பவனை யார் சந்தேகப்படுவார்கள்?

போர்டை மாற்றிவிட்டேன் என்றான். கடையில் ஓடியது. கியூஆர் அட்டையில் பணம் அனுப்பினேன். வீட்டில் டாலி கணக்கு மென்பொருளைத் திறந்ததும் அதே நீலத்திரை, அதே எழுத்து.

போன் செய்தால் "விண்டோஸ் கோளாறு." நேரில் போனால் "உங்கள் வீட்டுக் கரண்ட் சரியில்லை." பழைய போர்டைக் கேட்டால் "ஸ்கிராப்பில் போட்டாயிற்று." முதலாளி எப்போது கேட்டாலும் கணினிப் பாகங்கள் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருக்கிறார், அங்கேயே குடியிருக்கிறாரோ என்னவோ. பில் என்று தந்தது ஒரு துண்டுச் சீட்டு. "போர்டு 11,800" என்பதைத் தவிர அதில் கடைப் பெயர்கூட இல்லை.

கடைசியில் என் அண்ணன் மகன் வந்து, இருந்த இரண்டு ரேமையும் (மெமரி என்பது இந்தச் சிறு பலகைகள்தான்) ஒரே ஸ்லாட்டில் மாற்றி மாற்றிப் போட்டு, விண்டோஸிலேயே உள்ள மெமரி சோதனையை ஓடவிட்டான். ஒன்று தேறியது. மற்றதைப் போட்டதும் வன்பொருள் கோளாறு என்று கணினியே சொன்னது. இப்போது நல்ல ரேம் ஒன்றிலேயே ஓடுகிறது, கொஞ்சம் மெதுவாக. காலணா செலவில்லை. இதற்கா 11,800 ரூபாய்?

விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. பிழைத்திரையைப் படமெடுங்கள். ரேமைத் தனித்தனியாகச் சோதியுங்கள். எழுத்தே வராமல் பட்டென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி), தூசி, சூடு ஆகியவற்றைப் பாருங்கள். போர்டு என்று சொன்னால், வேறு ரேம் போட்டுப் பார்த்தாயா என்று கேளுங்கள். பழைய பொருளும் சீரியல் எண் போட்ட பில்லும் கைக்கு வராமல் பணம் தராதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிவிட்டேன். பணம் அனுப்பிய பதிவு போனில் இருக்கிறது. அந்த 11,800 ரூபாயை விடுவதாக இல்லை.