பாம்பன் சாலைப் பாலத் தளத்துக்கு எந்த நீர்த்தடுப்பு பொருந்தும்?

மண்டபத்திலிருந்து ராமேசுவரம் தீவுக்குச் சாலை என்றால் 1988இல் திறக்கப்பட்ட இந்திரா காந்தி பாலம் ஒன்றுதான். நீளம் சுமார் 2.3 கிலோமீட்டர், போக ஒரு தடம், வர ஒரு தடம். 2022 இறுதியில் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்றது முதல் 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும்வரை தீவின் சுமை முழுவதும் இதன்மீதே இருந்தது. இப்படிப்பட்ட பாலத்தில், ஒரு நீர்த்தடுப்பு முறை எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதோடு எத்தனை மணி நேரம் வழி மறிக்கும் என்பதையும் கேட்டாக வேண்டும்.

மழைநீரோடு தாரின் வெடிப்புகளில் இறங்கும் உப்பு கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை எட்டினால் துரு உப்பி, கான்கிரீட்டைப் பிளந்துவிடும். மேலே புதுத் தார் போடுவது பள்ளத்தை மூடுமே தவிர உப்பை நிறுத்தாது. நீர்த்தடுப்புப் படலம் தாருக்கு அடியில், கான்கிரீட்டோடு ஒட்டி இருக்க வேண்டும்.

சுருளாக வரும் தார்த் தாளைத் தீச்சுடரால் உருக்கி ஒட்டும் முறையில் செலவு குறைவு. ஆனால் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் சுடர் நிலைக்காது. தாளும் தாளும் சேரும் ஓரம் சரியாக ஒட்டாவிட்டால் நீர் அங்கேதான் நுழையும். இந்தப் பாலத்துக்கு இது வேண்டாம்.

தெளிக்கும் பிசின் படலத்துக்கு இணைப்பே கிடையாது. சில வகைகள் ஒரு மணி நேரத்தில் இறுகிவிடும். காகிதத்தில் இதுதான் வெற்றி பெறும். ஆனால் நேரத்தைத் தின்பது இறுகும் வேலை அல்ல. பழைய தாரை உரித்து, பரப்பைச் சொரசொரப்பாக்கி, படிந்த உப்பை நல்ல தண்ணீரால் கழுவி, முழுக்கக் காயவிட வேண்டும். காற்று தெளிப்பைச் சிதறடிக்கும், விலையும் அதிகம்.

மாஸ்டிக் அஸ்பால்ட், அதாவது நீர் புகாத கெட்டித் தார்க் கலவை, 170 டிகிரிக்கு மேலான சூட்டில் ஊற்றிப் பரப்பப்படுகிறது. ஆறியதும் வண்டி விடலாம். நம் ஊர் ஒப்பந்தக்காரர்களுக்குப் பழகிய வேலை. அடியில் ஈரம் இருந்தால் ஆவியாகிக் கொப்புளம் விடும் என்பதே இதன் பெரிய குறை. வண்டி ஓடும் பரப்புக்கு என் தேர்வு இதுதான். நடைபாதை விளிம்பிலும், வெப்பத்தில் தளம் விரிந்து சுருங்க விட்ட இடைவெளிகளான விரிவு இணைப்புகளின் ஓரத்திலும் மட்டும் உருளையால் பூசும் பிசின் போதும். சைலேன் பூச்சு கான்கிரீட்டில் சில மில்லிமீட்டர் ஊறி நீரை விலக்கும், வெடிப்பை அடைக்காது. எனவே அது கைப்பிடிச் சுவருக்குத்தான்.

பாலங்களில் இரவில் வேலை செய்வது வழக்கம். இங்கே அது ஆபத்து. தளத்தின் வெப்பம் பனிப்புள்ளியைவிட, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பத்தைவிட, 3 டிகிரியாவது கூடுதலாக இருந்தால்தான் பிசின் ஒட்டும். கடல்மேல் நிற்கும் தளத்தில் பின்னிரவில் ஈரம் படிந்துவிடும். காலை வெயில் ஏறிய பிறகு, பாதி அகலத்தை, சிறு சிறு நீளமாக மறிப்பதே சரி. ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இதற்கு ஏற்றது. தை அமாவாசையும் சிவராத்திரியும் முடிந்திருக்கும். மீன் லாரிகள் குறைந்திருக்கும். கச்சானும் முழு வேகம் எடுத்திருக்காது. மே மாத விடுமுறைக் கூட்டத்துக்குள் முடிந்தவரை நகர்ந்துவிட வேண்டும்.

அதற்குக் காத்திராமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வாடை மழைக்கு முன், செப்டம்பரிலேயே வடிகுழாய்களில் அடைத்த மணலை அள்ளி, விரிவு இணைப்புகளின் ரப்பரைப் பார்த்துக் கிழிந்ததை மாற்ற வேண்டும். வடிகுழாய்க்கு ஓர் ஓரத்தைச் சிறிது நேரம் மறித்தாலே போதும்.