அழித்துவிட்டுத்தான் கொடுத்தேன்: லப்டொப் திருத்தக் கொடுப்பவர்களுக்கு

வன்னிப் பக்கம் லப்டொப் திருத்தக் கொடுக்க இருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுக் கொடுங்கள். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முன்பள்ளி ஆசிரியை. எங்கள் மாதர் சங்கத்தின் கணக்கு வழக்கும் என்னிடம்தான். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ35 வீதியோரம் எங்கள் கிராமம். ஊரில் ஒரு கடிதம் அடிக்க வேண்டுமென்றாலும் ஒரு படிவத்தை ஸ்கான் பண்ண வேண்டுமென்றாலும் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். அதனால் என் லப்டொப்பில் என்னுடையதை விட ஊராருடையதுதான் அதிகம்: கடன் பட்டியல், அஸ்வெசும என்ற அரச உதவிப் பணத்துக்கான மேன்முறையீடுகள், வீட்டுத்திட்டப் படிவங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கங்கள், காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகத்துக்குக் கொடுத்த கடிதங்கள்.

லப்டொப்புக்கு வந்த வருத்தம் மிகச் சின்னது. சார்ஜர் குத்துகிற இடம் ஆடிப்போய்விட்டது. வயரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் சார்ஜ் ஏறும், விட்டால் நின்றுவிடும். அப்படிப் பிடித்துக்கொண்டே சங்கத்து கோப்புகளை எல்லாம் பென்னில் (பென் டிரைவில்) ஏற்றிவிட்டு, லப்டொப்பில் இருந்ததை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் வெறுமையாக்கிவிட்டு ஏ9 வீதியோரத்துக் கடை ஒன்றில் கொடுத்தேன். கடைப் பொடியன் பாஸ்வேர்ட் கேட்டார். சார்ஜர் சொக்கட் மாற்ற பாஸ்வேர்ட் எதற்கு என்று கேட்டதற்கு, "வேலை முடிய ஓன் பண்ணிப் பாக்கவேணும் அக்கா" என்றார். மஞ்சள் டேப்பில் பாஸ்வேர்டை எழுதி மூடிக்கு மேலேயே ஒட்டினார். கடைக்கு வருகிறவர் போகிறவர் எல்லாம் வாசிக்கலாம்.

அடுத்த கிழமை போன் வந்தது. சொக்கட் மாற்றியாயிற்றாம். ஆனால் ஹாட் டிஸ்க் செத்துவிட்டதாம், அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்கிற சுற்றாத புது வகை டிஸ்க் போட்டால்தான் சரிவருமாம். போய்ப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து 18,500 ரூபா. "பழைய டிஸ்க் எங்கை தம்பி?" என்று கேட்டேன். "அது செத்துப்போச்சு அக்கா, வேலைக்கு உதவாது, எறிஞ்சிட்டம்" என்றார். எனக்கு வேண்டுமென்று சொன்னதற்கு, குப்பை அள்ளுகிறவர்கள் கொண்டுபோய்விட்டார்கள் என்று பதில் வந்தது. பில்லில் "எஸ்.எஸ்.டி." என்று மட்டும் இருந்தது. லப்டொப் நன்றாகத்தான் ஓடியது. அதனால் அந்தக் கதை அத்தோடு முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

சில மாதம் கழித்து விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒரு பொடியன் வீடு தேடி வந்தான். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன். அதே கடையில் பாவித்த லப்டொப் ஒன்று வாங்கியிருக்கிறான். தன்னுடைய அசைன்மென்ட் ஒன்றைத் தவறுதலாக அழித்துவிட்டு, அதைத் திரும்ப எடுக்க ரெக்குவா என்ற இலவச மென்பொருளைப் போட்டு ஓட விட்டிருக்கிறான். அவனுடைய அசைன்மென்ட் வந்ததோ இல்லையோ, எங்கள் சங்கத்தின் பெயர் போட்ட கடிதங்களும் எங்கள் ஊர்ப் பெண்களின் அடையாள அட்டைகளும் வரிசையாக வந்து விழுந்திருக்கின்றன. கடிதத் தலைப்பில் என் பெயரும் ஊரும் இருந்ததால்தான் வந்தேன் என்றான். "ரீச்சர், இதை நீங்கள் பாக்கவேணும்" என்று லப்டொப்பைத் திருப்பிக் காட்டினான். முதலில் வந்தது ஒரு பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி. அதில் ஒட்டியிருந்த படம் எனக்குத் தெரிந்த ஒருவரின் மகனுடையது.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டுகிற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளிலும் பார்த்தோம். "குட்" என்று நீல நிறத்தில் நிற்கிறது. செத்தது என்று சொல்லி என்னிடம் எடுத்த டிஸ்க்தான் அது. அதற்குப் பதிலாகப் புதியதை எனக்கு விற்று, பழையதை வேறொரு லப்டொப்பில் போட்டு அந்தப் பிள்ளைக்கும் விற்றிருக்கிறார்கள். ஒரு டிஸ்க்கில் இரண்டு வியாபாரம்.

இனி, அழித்தது எப்படித் திரும்ப வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இதுதான் பலருக்குத் தெரியாதது. கோப்பை அழித்து ரீசைக்கிள் பின்னை வெறுமையாக்கினால், அந்தக் கோப்பு இந்தப் பழைய வகை ஹாட் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற பதிவுதான் விடுபடுகிறது. உள்ளே இருந்த எழுத்தும் படமும் அப்படியே கிடக்கும், அதற்கு மேல் வேறொன்று எழுதப்படும் வரை. காணி உறுதியைக் கிழித்துவிட்டால் வயல் மறைந்துவிடுமா? இன்னொருவர் வந்து உழுகிற வரை பழைய வரம்பு அங்கேதான் கிடக்கும். கடைக்காரர்கள் செய்கிற குவிக் போர்மட்டும் அந்த வகைதான். புதுசாக விண்டோஸ் போட்டாலும் அது டிஸ்க்கின் ஒரு பகுதியில்தான் எழுதும். 1 டெராபைட் டிஸ்க்கில் மிச்ச இடம் தொடப்படாமலே இருக்கும். அந்த மிச்சத்தில்தான் எங்கள் ஊர் இருந்தது.

லப்டொப்புக்குப் பாஸ்வேர்ட் போட்டிருக்கிறேன், பயமில்லை என்று சொல்கிறவர்களுக்கு: டிஸ்க்கைக் கழற்றி ஒரு யூ.எஸ்.பி. பெட்டியில் போட்டு வேறொரு கணினியில் குத்தினால் அந்தப் பாஸ்வேர்ட் கேட்கவே கேட்காது. அது விண்டோஸின் வாசலுக்குத்தான் பூட்டு.

அடையாள அட்டைப் பிரதி போனால் என்ன வந்துவிடும் என்று எங்கள் சங்கத்திலேயே ஒருவர் கேட்டார். அட்டை இலக்கத்திலேயே பிறந்த ஆண்டும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கிறது. பெண்களென்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். அதோடு வங்கிக் கணக்கு இலக்கமும் போன் நம்பரும் யார் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்ற பட்டியலும் ஒரே இடத்தில் கிடைத்தால், "உங்கட கடனைத் தள்ளுபடி செய்யிறம், இவ்வளவு காசு போடுங்கோ" என்று போன் எடுக்க ஒரு கள்ளனுக்கு வேறென்ன வேண்டும்? நுண்கடனால் இந்தப் பக்கத்துப் பெண்கள் பட்டபாடு எல்லாருக்கும் தெரியும்.

வேறொரு பக்கமும் இருக்கிறது. 2009 இல் எங்கள் ஆட்கள் வெளியே வந்தபோது பலரின் கையில் ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை. பிறப்புப் பத்திரம் முதல் எல்லாவற்றையும் பிறகு பிரதி எடுத்துச் சேர்த்தார்கள். யாரோ உறவினர் வீட்டு அல்பத்தில் தப்பிய ஒரு கலியாணப் படத்தை ஸ்கான் பண்ணி வைத்திருப்பவர்கள் உண்டு, இழந்தவரின் முகம் அந்த ஒரு படத்தில் மட்டும்தான் இருக்கும். கூட்டத்தில் இந்த விசயத்தைச் சொன்னபோது ஓர் அம்மா தன் கணவரை நினைத்துக் கேட்டது, "அப்ப என்ரை அவற்றை படமும் அந்தக் கடையிலை கிடந்ததோ?" என்பதுதான். அதனால் அழிக்கிறதற்கு முன்னால் பிரதி எடுங்கள். ஒரு பென்னில் மட்டும் போதாது, பென் எந்த நேரமும் சாகும். இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

கடைக்குப் போனேன், பொடியனையும் கூட்டிக்கொண்டு. முதலில் "அது உங்கடதெண்டு என்னெண்டு சொல்லுறியள்?" என்றார்கள். படங்களைக் காட்டியதும் "யாழ்ப்பாணத்துக்கு அனுப்பித்தான் பாக்கிறனாங்கள், அங்கை மாறியிருக்கும்" என்று கதை மாறியது. குப்பையில் போனதாகச் சொன்ன டிஸ்க் யாழ்ப்பாணம் போய் வந்த கதையை நான் அங்கேயே கேட்டேன். முதலாளி எஸ்.எஸ்.டி. காசில் பாதியைத் திருப்பித் தந்து, ஒன்றும் எழுத வேண்டாம் என்றார். காசை வாங்கினேன், அது என்னுடைய காசு. எழுதாமல் விடுவதாக வாக்குக் கொடுக்கவில்லை. பெயரைப் போடாததற்குக் காரணம் வேறு. சங்கம் பொலிசில் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கிறது. அனுமதியில்லாமல் ஒருவரின் தகவலை எடுப்பது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்துக்குள் வருகிற விசயம். அது நடக்கட்டும்.

இது எங்கள் பக்கத்துக் கடைகளின் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். கனடாவில் குவெல்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சத்தம் வராதபடி மட்டும் மாற்றிய லப்டொப்புகளை 16 திருத்தும் இடங்களில் கொடுத்துப் பார்த்து 2022 இல் வெளியிட்டார்கள். 6 இடங்களில் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருக்கிறார்கள், அதில் 2 இடங்களில் பிரதியும் எடுத்திருக்கிறார்கள். எங்கட ஆட்கள் நிறையப் பேர் இருக்கிற நாடு அது.

சரி, என்ன செய்வது? என் முடிவு இதுதான்: டிஸ்க் கடைக்குப் போகவே கூடாது. திரை, கீபோட், சார்ஜர் சொக்கட், விசிறி இவற்றைத் திருத்த உங்கள் டிஸ்க் தேவையில்லை. பல லப்டொப்புகளில் அடி மூடியைக் கழற்றினால் ஹாட் டிஸ்க் சில ஸ்குரூக்களில் நிற்கும், சின்னப் பலகை மாதிரி இருக்கிற எம்.2 எஸ்.எஸ்.டி. ஒற்றை ஸ்குரூவில் நிற்கும். பயமாக இருந்தால் கடைக்காரரையே உங்கள் கண் முன்னால் கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வாருங்கள். ஓன் பண்ணிப் பார்க்க அவர் தன்னுடைய பென்னிலிருந்து ஓட விடலாம். சில மெல்லிய லப்டொப்புகளிலும் புதிய மக்புக்குகளிலும் சேமிப்பு, மதர்போட்டோடு ஒட்டியே வரும், கழற்ற முடியாது. அவற்றுக்குக் கீழே சொல்கிற வழிதான்.

முழுவதும் அழித்தே கொடுக்க வேண்டும், அல்லது லப்டொப்பை விற்கப் போகிறீர்கள் என்றால், சுற்றுகிற பழைய வகை ஹாட் டிஸ்க்குக்கு முழுவதையும் ஒரு முறை மேலெழுதினால் போதும். 35 தரம் எழுத வேண்டும் என்று சிலர் சொல்வது 1990களின் கதை. பொடியன் எங்கள் டிஸ்க்கை எனக்கு முன்னால் வைத்து அழித்தது இப்படி: விண்டோஸ் போடுகிற பென்னிலிருந்து ஓன் பண்ணி, டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக்குள் போய், டிஸ்க்கைத் தெரிந்து "கிளீன் ஓல்" கொடுத்தான். வெறும் "கிளீன்" பிரிவுகளை மட்டும் எடுக்கும். "ஓல்" சேர்ந்தால்தான் கடைசி மூலை வரை பூச்சியம் எழுதும். தெரிவு செய்கிற டிஸ்க் இலக்கத்தை இரண்டு தரம் பாருங்கள், பிழையான டிஸ்க்குக்குக் கொடுத்தால் திரும்ப எடுக்க வழியே இல்லை. 1 டெராபைட்டுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் போகும், கரண்ட் நிற்கிற நாளில் தொடங்க வேண்டாம். முடிந்த பிறகு விண்டோஸ் போட்டு ரெக்குவாவை ஓட விட்டோம். எங்கள் கோப்பு ஒன்றுகூட வரவில்லை. அந்தப் பிள்ளையின் அரைநாள் இதிலேயே போனது, ஒரு முகச்சுழிப்பும் இல்லை.

எஸ்.எஸ்.டி. வேறு சாதி. அது தேய்மானத்தைப் பகிர்வதற்காக எழுதுகிற இடத்தைத் தானே மாற்றிக்கொண்டிருக்கும். நீங்கள் மேலெழுதினாலும் பழையது ஒரு மூலையில் மிஞ்சலாம். அதற்கு உற்பத்தி செய்த நிறுவனமே தருகிற மென்பொருளில், அல்லது சில லப்டொப்புகளின் பயோஸில் (விண்டோஸ் தொடங்குவதற்கு முன் வருகிற அமைப்புத் திரையில்) இருக்கிற செக்கியுவர் இரேஸ் என்ற முழு அழிப்பைப் பாவிக்க வேண்டும்.

ஆனால் லப்டொப் ஓன் ஆகவே மறுத்தால் எதை அழிப்பது? அப்போது கைகொடுப்பது முன்கூட்டியே செய்து வைத்த குறியாக்கம், அதாவது சாவி இல்லாமல் வாசிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டி வைப்பது, மட்டும்தான். விண்டோஸ் புரோ என்றால் அதிலேயே இருக்கிற பிட்லொக்கர். ஹோம் என்றால் செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வெராகிரிப்ட் என்ற மென்பொருள் இலவசம். இதைப் போட்டுவிட்டால் டிஸ்க்கைக் கழற்றிக் குத்தினாலும் ஒரு எழுத்துக்கூட வாசிக்க முடியாது. லப்டொப்போடு பாஸ்வேர்டையும் எழுதிக் கொடுத்தால் மட்டும் எல்லாம் வீண். பிட்லொக்கருக்கு 48 இலக்கத்தில் ஒரு மீட்புச் சாவி வரும். அதைக் கடதாசியில் எழுதி அலுமாரியில் வையுங்கள், ஏனென்றால் மதர்போட் மாற்றினால் அதைக் கேட்கும். சில புதிய விண்டோஸ் 11 லப்டொப்புகளில் இது உங்களுக்குத் தெரியாமலே போட்டு வந்திருக்கும். சாவி எங்கே என்று தெரியாமல் கடைக்குக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்ததும் உங்கள் படங்களை நீங்களே பார்க்க முடியாமல் நிற்க வேண்டாம்.

ஏதாவது மாற்றினால் பழைய சாமான் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்லி, பில்லில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். "எறிஞ்சிட்டம்" என்று சொல்லாமலிருக்க அது போதும். பிறகு நான் கீபோட் மாற்றக் கொடுத்த வேறொரு கடையில், டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் கொடுப்பேன் என்றபோது அந்த அண்ணை ஒரு கேள்வியும் கேட்காமல் ஸ்குரூ டிரைவரை எடுத்துத் தந்தார்.

அந்தக் கடைப் பக்கத்தில் பாவித்த லப்டொப் வாங்கியவர்கள் இன்னும் இருக்கலாம். ரெக்குவாவைப் போட்டுப் பாருங்கள். முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு என்று எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்கள் வந்தால் திறந்து பார்க்காமல் எங்கள் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பொடியன் வீட்டில் நிற்பான், காசில்லாமல் அழித்துத் தருவான்.