ஊட்டிக்கு சைக்கிளில்: ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை

ஊட்டிக்கு சைக்கிளில் ஏற எந்த வழி நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த வழியாக இறங்கப் போகிறீர்கள்? பெரும்பாலும் அதைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டார்கள். ஏறும்போது மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஊர்ந்துகொண்டிருப்போம். மூச்சு வாங்கினால் காலை ஊன்றி நின்றுவிடலாம், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. இறக்கத்தில் அதே வளைவுக்கு 40 கி.மீ. வேகத்தில் வந்து சேர்வோம், எதிரே யார் வருகிறார்கள் என்பது வளைந்த பிறகுதான் தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு. ஆளும் சைக்கிளுமாக 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,500 மீட்டர் இறங்கி வந்தால் கழிய வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு யூனிட் மின்சாரம். வேகமாக இறங்கினால் அதில் பெரும்பகுதியை எதிர்க்காற்றே தின்றுவிடும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மெதுவாக இறங்கினால் அவ்வளவும் சக்கரத்தின் ரிம்மிலோ பிரேக் டிஸ்க்கிலோ சூடாகத்தான் இறங்கும். ஆகவே செங்குத்தும் நெருக்கமான வளைவும் சேர்ந்த பாதை ஏற எவ்வளவு அழகாக இருந்தாலும் இறங்க மோசமானது. இதை மனதில் வைத்துக்கொண்டு குன்னூர், கோத்தகிரி, கல்லட்டி என்ற மூன்று பாதைகளையும் பார்ப்போம். நான் குன்னூர்க்காரன். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலைதான் எல்லோருக்கும் தெரிந்தது. சுமார் 34 கி.மீ., 14 கொண்டை ஊசி வளைவு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் 1,850 மீட்டரை ஒட்டி. கல்லாறு வரை சமதளம், பாக்குத் தோப்பு, குளிர்ந்த காற்று. பாலத்தைத் தாண்டியதும் ஏற்றம் பிடிக்கும், அதன் பிறகு குன்னூர் வரை விடாது. ஆனால் சாய்வு நிதானமானது, சராசரியாக 5 அல்லது 6 சதவீதம்தான். பக்கத்திலேயே பல்சக்கரத்தில் ஏறும் மலை ரயிலுக்குக்கூட சில இடங்களில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம் உண்டு, அதாவது 8 சதவீதத்துக்கு மேல். காலை 7 மணி வாக்கில் மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் அந்த ரயில் குன்னூர் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஓரளவு பழகிய கால் இருந்தால் ரயிலுக்கு முன்னால் குன்னூரில் உட்கார்ந்து டீயில் வர்க்கியைத் தோய்த்துக்கொண்டிருக்கலாம். அந்தச் சந்தோஷத்துக்காகவே ஒருமுறை போகலாம்.

வழித்துணைக்குப் பஞ்சமில்லாத சாலை இது. பர்லியாறில் கடைகள் உண்டு, பருவத்தில் மங்குஸ்தான் கிடைக்கும். குரங்குகளும் உண்டு. ஹேண்டில்பாரில் வாழைப்பழத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றால் அது உங்களுடையது இல்லை. காலையில் சீக்கிரமே பர்லியாறைத் தாண்டிவிட்டால் இந்தப் பாதை சொர்க்கம். எட்டு மணிக்கு மேல் பேருந்து, டெம்போ, சுற்றுலா வண்டி எல்லாம் வரிசை கட்டும், புகையைக் குடித்துக்கொண்டே ஏற வேண்டியதுதான்.

இறக்கம்தான் இதன் குறை. மரப்பாலம் பக்கம் வெயில் படாத வளைவுகளில் மழைக்காலம் முழுக்க ஈரம் காயாது. அதைவிடத் தொல்லை, முன்னால் போகும் பேருந்து. முந்தவும் முடியாது, அதன் வேகத்துக்குப் பிரேக்கை விடவும் முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் பழைய ரிம் பிரேக் சைக்கிளில் அப்படித்தான் ஒரு பேருந்துக்குப் பின்னால் நான்கைந்து கிலோமீட்டர் பிடித்த பிடியாக இறங்கினேன். பர்லியாறுக்கு மேலே பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம். முன்சக்கர டியூப் போய்விட்டது. ஏதோ நேரான இடம், புல்லில் இறக்கி நிறுத்திவிட்டேன். ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல்தான். மாற்று டியூப்பைப் போட்டால் அதுவும் வெடிக்கும் என்று அரை மணி நேரம் ஆறவிட்டேன். வாழைப்பழம் அப்போதுதான் போனது.

கோத்தகிரிப் பாதை இதைவிட மூத்தது. 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலைக்கு வந்தது கோத்தகிரிப் பக்கமாகத்தான். குன்னூர் வழிச் சாலை 1830களில்தான் வந்தது. இப்போதைய சாலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கி.மீ. தூரமும் ஏற்றமும் கிட்டத்தட்ட குன்னூர் மாதிரியே, காகிதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சைக்கிளில் உட்கார்ந்தால்தான் வித்தியாசம் தெரியும். இங்கே வளைவுகள் அகலமானவை, பார்வை தூரம் போகும், வண்டியும் குறைவு. அதனால் இறங்கும்போது பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடலாம், நேரான துண்டுகளில் காற்றே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். குன்னூரில் பிறந்தவன் கோத்தகிரியைப் புகழ்ந்தால் வீட்டில் சோறு கிடைப்பது கஷ்டம், ஆனால் மூன்று பாதைகளில் இறங்குவதற்கு இதற்கு இணை எதுவும் இல்லை.

ஏறுவதற்கும் நல்ல சாலைதான், இரண்டு சங்கதிகளைத் தவிர. ஒன்று, அரவேணு வரும் வரை கடைகள் குறைவு, தண்ணீரைக் கீழேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பே வேண்டாம். ஆங்காங்கே குடிநீர் ஏடிஎம் உண்டு, உங்கள் பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம். இரண்டு, வழியில் வரும் குஞ்சப்பனை. பலாப் பழுக்கும் மாதங்களில் யானைகள் சாலையோரம் வந்துவிடும். ஒருமுறை விடியற்காலையில் அங்கே ஒரு பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். "கொஞ்சம் நில்லுங்க தம்பி, மேல ரெண்டு நிக்குது" என்றார். என்ன ரெண்டு என்று கேட்கத் தோன்றவில்லை. முதல் பேருந்து வந்து ஹாரன் அடித்துத் தாண்டிய பிறகு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போனேன். வாழ்க்கையில் பேருந்துப் புகையை நான் வாழ்த்தியது அன்று ஒருநாள்தான். ஆகவே கோத்தகிரியில் ஏறுவதாக இருந்தால் நன்றாக விடிந்த பிறகு கிளம்புங்கள். குன்னூர் வழியாகச் சீக்கிரம் போவதுதான் லாபம். இங்கே அது ஆபத்து.

கோடை சீசனில் போலீஸாரும் இதே கணக்கில்தான் வண்டிகளைத் திருப்புகிறார்கள்: ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. மே மாதத்தில் கோத்தகிரி வழியே ஏற நினைத்தால் ஊட்டிக்கு வந்த கார்களெல்லாம் திரும்பிப் போவதை எதிரே நின்று பார்க்க வேண்டியிருக்கும்.

இனி கல்லட்டி. மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள தலைகுந்தாவுக்கு ஏறும் பாதை, 36 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. சுமார் 12 கி.மீ.க்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றிவிடும். குன்னூரில் ஒரு மணி நேரத்தில் ஏறும் உயரத்தை இங்கே பாதித் தூரத்தில் ஏறித் தீர்க்க வேண்டும். 2008 முதல் நடக்கும் டூர் ஆஃப் நீலகிரிஸ் சைக்கிள் பயணத்தில் வீரர்கள் அதிகம் பேசுவது இந்த ஏற்றத்தைப் பற்றித்தான். முன்னால் 34 பல், பின்னால் 32 பல் கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 8 கி.மீ. வேகம் வரும். கல்லட்டியில் அந்த 60 சுற்றே பலருக்கு வராது. 40-க்கு இறங்கினால் தொடையின் வேலையை முழங்கால் செய்ய ஆரம்பிக்கும், மறுநாள் படியில் இறங்கும்போது அது கணக்கைக் கேட்கும். பின்னால் 34 பல் இருந்தால் நல்லது. கௌரவம் பார்க்காதீர்கள்.

பலகையில் எண் போட்டிருப்பதை உதவி என்று நினைத்திருந்தேன். மூச்சு முட்ட ஒரு வளைவைத் தாண்டி நிமிர்ந்து பார்த்தால் 11 என்று இருக்கும். அதற்குப் பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இந்தப் பாதையில் இறங்குவதைப் பற்றி அலசவே தேவையில்லை. விபத்துகள் அதிகமானதால் வெளியூர் வண்டிகள் இறங்கத் தடை இருக்கிறது. சைக்கிளுக்கு அது பொருந்துமா என்று சோதனைச்சாவடியில் வாதாடி ஜெயித்தாலும் பிரேக்கிடம் வாதாட முடியாது. மசினகுடிக்கே திரும்ப வேண்டுமென்றால் பைக்காரா, நடுவட்டம், கூடலூர், தெப்பக்காடு என்று ஏறத்தாழ 70 கி.மீ. சுற்ற வேண்டும். கூடலூர்ச் சாலை ரசிக்கத்தக்கது, சாய்வும் இதமானது. ஆனால் கல்லட்டியில் காலி செய்த கால்களுக்கு அது அன்றைக்கே வேண்டாம். இன்னொன்று, கீழே முழுக்க முதுமலைப் புலிகள் காப்பகம். இரவு 9 முதல் காலை 6 வரை காட்டுச் சாலைகள் மூடியிருக்கும், பகலிலும் சைக்கிளை விடுவார்களா என்று முன்கூட்டியே வனத்துறையிடம் கேட்டுக்கொள்வதுதான் சரி. மசினகுடியில் தங்கி, காலையில் ஏறி, மேலே ஒரு வண்டியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டால் கல்லட்டிபோல் ஓர் அனுபவம் கிடையாது. அந்த வண்டி நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுக்க மறந்துவிடாதீர்கள்.

நான்காவதாக மஞ்சூர் – கெத்தை – முள்ளி வழியும் இருக்கிறது, 43 வளைவு. யானைக்காடு, குறுகிய சாலை, ஆளரவம் குறைவு. தனியாகப் போகாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மாதமும் பாதையைத் தீர்மானிக்கும். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில்தான் அடிக்கும்; அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவுச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். தென்மேற்குப் பருவமழைக்குக் கூடலூரும் அவலாஞ்சியும்தான் வாசல். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மி.மீ. கொட்டியது. மசினகுடி மழை மறைவில் இருப்பதால் கல்லட்டி அப்போதும் ஓரளவு காய்ந்திருக்கும். ஜனவரியில் தலைகுந்தாவில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். வியர்த்த உடம்போடு அங்கே ஐந்து நிமிடம் நின்றால் பல் தந்தியடிக்கும்.

முதல்முறை வருபவர்களுக்கு நான் வரைந்து கொடுக்கும் வட்டம் இது. வெளிச்சம் வரும் நேரத்தில் மேட்டுப்பாளையத்தில் தொடங்கி குன்னூர் ஏற வேண்டும். அங்கே வயிறார இட்லி. பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சுமார் 20 கி.மீ. கோத்தகிரி, அங்கிருந்து இறக்கம். மொத்தம் 87 கி.மீ. காலில் இன்னும் தெம்பிருந்தால் குன்னூரிலிருந்து அருவங்காடு வழியாக ஊட்டி போய், தொட்டபெட்டா சந்திப்பு வரை இன்னொரு ஏற்றம் ஏறி, கட்டபெட்டு வழியாகக் கோத்தகிரி வரலாம். அப்படிப் போனால் 115 கி.மீ. பக்கம் வரும். எப்படி வந்தாலும் கோத்தகிரியில் ஒரு டீ குடித்துவிட்டு, காற்றுப்புகாத சட்டையை மாட்டிக்கொண்டு, பிரேக் பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள். குஞ்சப்பனை தாண்டியதும் கீழிருந்து சூடான காற்று முகத்தில் அடிக்கும். சட்டையைக் கழற்ற நிற்க வேண்டிய இடம் அதுதான். ஓரத்தில் பலா மரம் இல்லாத இடமாகப் பார்த்து நில்லுங்கள்.