காட்பாடி மெஸ்: குழம்பு ஓகே, வாசப்படி?

காட்பாடி ஸ்டேஷன் பக்கத்து மெஸ் ஒன்று. பேர் வேண்டாம், குழம்புக்காக மறுபடியும் போகணும். மீன் குழம்பில் புளி அளவு அவ்வளவு கச்சிதம். வறுவல் சுமார்.

குறை காற்றுதான். உள்ளே ஒருத்தரும் சிகரெட் பற்றவைப்பதில்லை. 2008 அக்டோபர் 2 முதல் தடை, மீறினால் 200 ரூபாய் வரை அபராதம் என்று போர்டே இருக்கு. பழைய நாளில் இதே மாதிரி கடைகளில் சாப்பிட்டு வந்தால் சட்டையைத் துவைச்சாகணும், இப்போ அது இல்லை. ஆனா சிகரெட் பிடிக்கிறவங்க எல்லாரும் வாசப்படியிலேயே நிற்கிறாங்க. கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு கொத்துப் புகை முதல் மேஜைக்கு வந்துடும். ஸ்ப்ளிட் ஏசி அதை வெளியே தள்ளாது, உள்ளே இருக்கிற காற்றையே சுத்திச் சுத்திக் குளிர வைக்கும். புகைத்துகள் 2.5 மைக்ரானுக்கும் சின்னது, ஏசி வலையில் பெரும்பாலும் நிற்காது.

குடியாத்தத்தில் பீடி சுத்துற வீட்டில் வளர்ந்தவன் நான். புகையிலை வாசமே பிடிக்காதுன்னு சொல்லலை. இன்ஹேலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரசம் சாதம் பிசையறதுதான் கஷ்டம்.

கல்லாக்காரரிடம் சொன்னேன். "பத்தடி தள்ளி நிக்கச் சொல்றேன் சார்" என்றார். அடுத்த வாரமும் அதே படி, அதே ஆட்கள். உள்பக்கக் கடைசி மேஜை கேளுங்க.